இந்தியாவுக்கு ஓர் ஆள் குறைவு

நான் இலங்கையில், மாத்தளையில் லொறி ஓட்டிப் பிழைத்தவன். எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு எப்போது வந்தது என்று கேட்டால் வாப்பாவுக்கே சரியாகத் தெரியாது. நாங்களும் கப்பலில் வந்தவர்கள்தான். கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டோம், அவ்வளவுதான். முந்திக்கொண்டதால் எனக்குப் பிரஜாவுரிமை தானாகவே கிடைத்தது. என் சிநேகிதருக்கு அது விண்ணப்பம் போட்டும் கிடைக்காமல் போகவிருந்தது. காரணம், நான் எழுதி அச்சடித்த ஒரு நோட்டீஸ். இதை எழுத எனக்கு விருப்பமே இல்லை. ஆனால் வேறு யாராவது எழுதினால் என்னை நல்லவனாக்கி எழுதிவிடுவார்கள். அந்தப் பயத்தில் நானே எழுதுகிறேன்.

சிநேகிதர் மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரைக்கு மேலே இருந்த ஒரு றப்பர் தோட்டத்தில் என்ஜின்காரர். ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தொழிற்சாலையில் ஒரு கிழட்டு என்ஜின் இருந்தது. அது அவர் பேச்சை மட்டும்தான் கேட்கும். ஒல்லியான மனிதர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்று என் பத்தையும் கவிழ்த்துவிடும். அவருடைய தகப்பனார் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர். இவர் பிறந்தது அதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். யுத்தத்துக்குப் போகும்போது கப்பல் தட்டிலிருந்து பம்பாயைப் பார்த்ததைத் தவிர, இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை.

யுத்தம் என்றதும் எங்களைத் துப்பாக்கி பிடித்த வீரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலக யுத்தத்தில் நாங்கள் இருவரும் இலங்கைப் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போனோம். நான் தண்ணீர் லொறி ஓட்டினேன். அவர் லொறிகளின் வயிற்றைத் திறந்து பார்த்தார். ஒரே ஊர் என்பதால் ஒரே கூடாரத்தில் படுத்தோம். சோற்றில் மண், தேத்தண்ணியில் மண், காதுக்குள் மண். எங்கள் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல, என்னை அவர் அங்கேதான் நானா என்று கூப்பிடத் தொடங்கினார். நான் அவரைத் தம்பி என்றேன்.

எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் இந்தியப் பட்டாளத்து ஆட்கள் இருந்தார்கள். பாதை போடுகிறவர்கள், பள்ளம் வெட்டுகிறவர்கள், நிலத்தில் புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுக்கிறவர்கள். பாதிப் பேர் சேலம், திருச்சி, மதுரைக்காரர்கள். தமிழ் பேசினார்கள் என்பதால் எங்களுக்கு உடனே ஒட்டிவிட்டது. ஒட்டியதும் சண்டையும் தொடங்கிவிட்டது. அவர்கள் போட்ட பாதையில்தான் என் லொறியின் ஸ்பிரிங் உடைகிறது என்று நான் சொல்வேன். இலங்கைக்காரன் ஓட்டினால் மாட்டு வண்டிக்கும் ஸ்பிரிங் உடையும் என்று அவர்கள் சொல்வார்கள். விமானம் குண்டு போட வந்தால் எல்லோரும் ஓடி விழுவது அவர்கள் வெட்டிய பள்ளத்தில்தான். பள்ளத்துக்குள் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, எங்கள் தண்ணீர் இல்லாவிட்டால் இதை வெட்ட உங்களுக்குத் தெம்பு ஏது என்று நான் கேட்டிருக்கிறேன். அப்படியொரு வாய் எனக்கு.

இந்தச் சண்டையைத் தீர்க்க ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கயிறு இழுத்தோம். இந்தியா ஒரு பக்கம், இலங்கை ஒரு பக்கம், பக்கத்துக்கு எட்டுப் பேர். தோற்ற முகாம் வென்ற முகாமுக்கு மறுநாள் தண்ணீர் சுமக்க வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் சுமப்பது என்ன வேலை என்று அங்கே இருந்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் அணிக்கு நான் தலைவன். ஆள் எடுப்பதும் விடுவதும் என் கையில்.

ஒரு கிழமை அவர்கள் பக்கம் கயிற்றின் கடைசியில் நிற்கிற சேலத்துக்காரர் கண்ணிவெடியில் செத்துப்போனார். இரண்டு முகாமும் சேர்ந்துதான் அடக்கம் செய்தோம். அந்த ஞாயிறு கயிறு வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். அவர்களுடைய அவில்தார் கேட்கவில்லை. அவனுக்காகவே இழுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் ஆட்கள் பலர் வேலைக்குப் போயிருந்ததால் அவர்களிடம் ஏழு பேர்தான் இருந்தார்கள். ஓர் ஆளைக் கடன் தர முடியுமா என்று எங்கள் சார்ஜன்டிடம் கேட்டார்கள்.

சார்ஜன்ட் என் கூடாரத்துக்கு வந்தார். யாரைக் கொடுக்கலாம் என்று கேட்டார். நல்ல ஆளைக் கொடுத்தால் நாங்கள் தோற்போம். ஒல்லியானவரைக் கொடுத்தால் நஷ்டமில்லை. அதுதான் என் மனதில் ஓடியது. வாயில் வந்தது வேறு.

"தம்பியக் குடுங்க சேர். அவன் அவங்க ஆளுதானே" என்றேன்.

சார்ஜன்ட் போய்த் தம்பியைக் கூப்பிட்டார். "நான் சிலோன் பட்டாளம் சார். இந்தப் பக்கமே நிக்கிறேனே" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கட்டளை கட்டளைதான் என்று சார்ஜன்ட் அனுப்பிவிட்டார். பிறகு தம்பி என்னிடம், ஏன் தன்னை அனுப்பினார்கள் என்று கேட்டார். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், உன் பெயர் வந்தது என்று முகத்துக்கு நேரே பொய் சொன்னேன்.

அன்று அவர்கள் வென்றார்கள். செத்தவருடைய இடத்தில், கயிற்றின் கடைசியில், உடம்பைச் சுற்றிக் கயிற்றைப் போட்டுக்கொண்டு தம்பி நின்றார். அவில்தார் காதில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார். இழுக்காதே, மல்லாந்து படுத்த மாதிரி நில், எதிரியின் மூச்சு உடையும் வரை பொறு, உடைந்ததும் எட்டுப் பேரும் ஒரே அடி பின்னால் வை. என் மூச்சு உடைந்தது. மறுநாள் தண்ணீர் சுமந்தேன். அதற்குப் பிறகு இந்தியர்கள் அவரைத் திருப்பித் தரவே இல்லை. யுத்தம் முடியும் வரை, கயிற்றைப் பொறுத்தவரை அவர் இந்தியா.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அந்த விளையாட்டை விட எனக்கு மனம் வரவில்லை. சித்திரை வருஷப் பிறப்புக்கு எல்லா இடத்திலும் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். அலுவிகாரைக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த ஒரு வயலில் நாங்கள் கயிற்றை வைத்தோம். என் லொறிச் சாமான் கட்டுகிற தும்புக் கயிறு. இந்தியா எதிர் இலங்கை. தோற்ற அணியின் தலைவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வென்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். இலங்கைக்கு நான் தலைவன். இந்தியாவுக்கு யார் என்று எவரும் கேட்கவில்லை. எட்டு வருடம் இழுத்தோம். ஏழு வருடம் நான் வாளி தூக்கினேன். மிஞ்சிய ஒரு வருடம் மழை.

ஆட்களை நாங்கள் பெயர் பார்த்துப் பிரிக்கவில்லை. இந்தியா அணியில் பாண் ரொட்டி சுடும் வெதுப்பகம் வைத்திருந்த சிங்களவர் இருந்தார். விகாரைக்கு முன்னால் பூ விற்கிறவர் இருந்தார். தபால்காரர் இருந்தார். என் சொந்த மச்சானே, என் ராத்தாவைக் கட்டிய தையற்காரர், அந்தப் பக்கம்தான் இழுத்தார். என் பக்கத்தில் தோட்டத்து லயத்திலிருந்து வந்த மூன்று பேர் இலங்கைக்காக உயிரைக் கொடுத்தார்கள். வயலைச் சுற்றி நின்ற சனங்கள் அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் வருவார்கள்.

நோட்டீஸ் எழுதுவது என் வேலை. எனக்கு அதில் ஒரு கிறுக்கு. அச்சுக்கூடத்தில் நின்றுகொண்டே வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்வேன். பாலைவனத்தில் தொடங்கிய பகை, மாத்தளை மண்ணில் தீரும் என்று போடுவேன். என் பெயருக்கு முன்னால் இலங்கையின் இரும்புத் தூண் என்று போட்டுக்கொள்வேன். எட்டாவது வருடம் தம்பியின் பெயருக்கு முன்னால் 'இந்தியத் தாயின் தவப்புதல்வர், தாய்நாட்டின் மானம் காக்க வருகிறார்' என்று போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, "தாய்நாட்டுக்கு எத்தன மைல் நானா?" என்று கேட்டார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அப்போது தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை இல்லாமல் ஆக்கியாயிற்று. சுதந்திரம் வந்த கையோடு சட்டம் வந்தது. இங்கேதான் பிறந்தோம், இங்கேதான் இருக்கப் போகிறோம் என்று விண்ணப்பம் போட்டு, விசாரணைக்குப் போய், அதிகாரி நம்பினால்தான் உண்டு. இல்லாவிட்டால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. தம்பி விண்ணப்பித்து மூன்று வருடத்துக்குப் பிறகு கண்டியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பட்டாளத்திலிருந்து விடுவித்த பத்திரம், தோட்டத்துரை கொடுத்த கடிதம், எல்லாம் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு அதிகாரி கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாராம். என் நோட்டீஸ். யாரோ ஒரு மொட்டைக் கடுதாசியோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

இந்தச் செய்தியை எனக்குத் தம்பி சொல்லவில்லை. அவருடைய மனைவி சொன்னார். தோட்டத்துக்கு உரம் ஏற்றிக்கொண்டு போன நாள், லொறிக்கு முன்னால் வந்து நின்றார்.

"நானா, எங்க வூட்டுக்காரரு பேருக்கு முன்னாடி அந்தப் பேச்செல்லாம் ஏன் அச்சடிச்சீங்க? நாலு புள்ளைங்கள வச்சிருக்கோம். இவரு இந்தியாக்காரருன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களாமே?"

லொறியை விட்டு இறங்கினேன். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொன்னேன்.

"விளையாட்டு உங்களுக்கு" என்றார்.

மொட்டைக் கடுதாசி எழுதியவனைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும் என்று சில பேர் கிளம்பினார்கள். நான் போகவில்லை. கடுதாசி எழுதியவன் யாராகவும் இருக்கட்டும். தாளை அச்சடித்தவன் யார் என்று எனக்குத் தெரியும். இதை நான்தான் முடிச்சுப் போட்டேன், நான்தான் அவிழ்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். லொறிச் சுமையை இறக்கிவிட்டு மறுநாள் முதல் ரயிலில் கண்டிக்குப் போனேன். விசாரணை நடத்துகிற அலுவலகத்தில், அந்தக் கந்தோரில், என்னை உள்ளே விடவில்லை. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள், இரண்டாம் விசாரணை ஒன்று இருக்கிறது, சாட்சி இருந்தால் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வா என்று ஒரு கிளார்க் மனமிரங்கிச் சொன்னார்.

அன்று மாலையே ஸ்டோருக்குப் போனேன். தம்பி என்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் நீ இலங்கைக்குத் தலைவன். நான் இந்தியாவுக்கு வாறேன். இப்பவே நோட்டீஸ் அடிச்சுக் கொண்டுபோய்க் காட்டுவோம்" என்றேன்.

"மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதே தம்பி."

"நானா, அவங்க ஒரு ஆளு குறைஞ்சு நின்னாங்க. நான் போய் நின்னேன். செத்தவரு எடத்துல நின்னேன். ஒரு கடுதாசிக்குப் பயந்து அந்த எடத்த விட்டு எந்திரிச்சு வரச் சொல்றீங்களா?"

"பிரஜாவுரிமை போயிடுமே!"

"போகக் கூடாதுன்னுதான் எனக்கும். ஆனா கயித்த விட்டுக்குடுத்து வாங்க மாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முட்டாள், நன்றி கெட்டவன் என்றெல்லாம் கத்தினேன். அவர் எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தார். கோபம் இறங்கிய பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவரை அணி மாற்ற முடியாவிட்டால் போகட்டும். அணியையே கொண்டுபோய்க் காட்டினால் என்ன?

விசாரணை நாள் காலை, இந்தியா முழுவதையும் என் லொறியில் ஏற்றினேன். வெதுப்பகத்துக்காரர் பாணைப் போட்டுவிட்டு மாவுக் கையோடு வந்தார். பூக்காரர் வந்தார். தபால்காரர் லீவு போட்டுவிட்டு வந்தார். மச்சானுக்கு அவசரத் தையல் வேலை இருந்தது. ராத்தாவிடம் சொல்லி அவரைத் தள்ளி ஏற்ற வைத்தேன். தம்பி என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. பிச்சை கேட்கப் போகிற மாதிரி இருக்கிறது என்றார். கேட்டால்தான் என்ன என்று நான் வண்டியை எடுத்தேன். கண்டிப் பாதையில் பலகடுவை ஏற்றத்தில் லொறி முனகியது. பின்னால் மச்சான் முனகினார். 

விசாரணை அதிகாரி நடுத்தர வயதுச் சிங்களவர். தமிழும் தட்டுத் தடுமாறிப் பேசுவார். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பேச்சு நடந்தது. உள்ளே ஏழு பேர் வரிசையாக நுழைந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் யாரு?"

"இந்தியா, சேர்" என்றேன்.

நோட்டீஸில் இருக்கிற இந்தியா அணி இதுதான் என்று ஒவ்வொருவராக முன்னால் விட்டேன். வெதுப்பகத்துக்காரர் தன் கிராமத்தின் பெயரைச் சொன்னதும், அதிகாரியின் மனைவியும் அந்தப் பக்கம்தான் என்று தெரிய வந்தது. மச்சானைக் காட்டி, இந்தியா அணியில் இழுத்தால் இந்தியன் என்றால் இவரையும் இந்தியாவுக்கு அனுப்பிவிடுங்கள் சேர், எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவோம் என்றேன். அதிகாரி சிரித்துவிட்டார். கிளார்க்கும் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். தம்பியின் தொடையில் ஒரு தட்டுக்கூடத் தட்டினேன்.

அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு மொட்டைக் கடுதாசியை எடுத்தார்.

"நல்லது. விளையாட்டுன்னு ஒத்துக்குவோம். ஆனா இதுல இன்னொண்ணு எழுதியிருக்கு. இந்த மனுஷர் பட்டாளத்துல இருக்கும்போதே, இந்தியர்கள்தான் என் ஆட்கள்னு சொல்லி, தன் சொந்த விருப்பத்துல அந்தப் பக்கம் போனார்னு எழுதியிருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் தம்பியைப் பார்த்துத்தான் கேட்டார். தம்பி எழுந்து நின்றார்.

"நானாப் போகலீங்க. சீட்டுக் குலுக்குனாங்க. எம் பேரு வந்திச்சு."

"யார் குலுக்கினது?"

"தெரியலீங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ சீட்டுன்னு உங்களுக்குச் சொன்னது யாரு?"

தம்பி மேசை மேலிருந்த நோட்டீஸைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. "மறந்துபோச்சுங்க" என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார்.  இதுவரை பார்த்ததை எல்லாம் நம்பிய மனிதர் இந்த இடத்தில் நம்பவில்லை. எப்படி நம்புவார்? அது பொய். என் பொய். அதைச் சொல்லித் தம்பி பொய்யராகிக்கொண்டிருந்தார். நாலு பிள்ளைகளின் ஊர் என் பொய்யின் மேல் நின்றது. பின்னால் இந்தியா முழுவதும் நிற்கிறது. எட்டு வருடமாக அந்தப் பாலைவனக் கதையை நான் சொல்லக் கேட்டவர்கள். சீட்டுக் குலுக்கியதைக் கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டியிருக்கிறேன். சொன்னால் எல்லோருக்கும் முன்னால் மானம் போகும். அதைவிடத் தம்பிக்கு முன்னால் போகும். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"சீட்டு இல்ல சேர். பொய். அந்தப் பொய்ய அவருக்குச் சொன்னது நான்."

சொல்லத் தொடங்கியதும் நிறுத்தாமல் சொன்னேன். சேலத்துக்காரர் செத்தது, ஆள் கேட்டது, சார்ஜன்ட் வந்தது. "யாரக் குடுக்கலாம்னு என்னயத்தான் கேட்டாங்க. தம்பியக் குடுங்க, அவன் அவங்க ஆளுதானேன்னு நான்தான் சொன்னேன். அவர் போக விரும்பல்ல. நான் சிலோன் பட்டாளம், இந்தப் பக்கமே நிக்கிறேன்னு சார்ஜன்ட்கிட்டச் சொன்னார். என் காதால கேட்டேன். அவரத் தள்ளி விட்டது நான். அல்லாஹ் சத்தியமா இதுதான் நடந்திச்சு."

 மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒல்லியான ஆளுன்னு நினைச்சேன் சேர். குடுத்தா நஷ்டமில்லன்னு."

"அதுக்கு ஒல்லின்னு சொல்லியிருக்கலாமே. அவங்க ஆளுன்னு ஏன் சொன்னீங்க?"

  நானும் அவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். ஆனாலும் ஒருவரைக் கொடுக்க வேண்டும் என்றதும் அந்தச் சொல் என் வாயில் தயாராக இருந்தது. சட்டம் பிறகு எழுதியதை நான் முன்பே சொல்லிவிட்டேன். அதைத்தான் அதிகாரி கேட்டார், கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நான் சொன்னதை எல்லாம் எழுதினார். வாசித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார். தீர்ப்பு தபாலில் வரும் என்றார்.

திரும்பி வரும்போது தம்பி முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால் மற்றவர்களோடு நின்றுகொண்டு வந்தார். அலுவிகாரையில் இறங்கி, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தோட்டத்துப் பாதையில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு நான் ஸ்டோர்ப் பக்கம் லொறி கொண்டுபோன நாட்களில் அவர் என்ஜின் அறையை விட்டு வெளியே வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை. போய் என்ன சொல்வது? ஐந்து மாதம் இப்படிப் போனது. தீர்ப்பு வந்ததா என்று தபால்காரரிடம் மட்டும் தினமும் கேட்டேன். தோட்டத்துத் தபால் பையில் அப்படி ஒன்றும் இல்லை என்று அவர் தினமும் சொன்னார். அந்த ஐந்து மாதத்தில் நான் யாருக்கும் பாலைவனக் கதை சொல்லவில்லை. மச்சானுக்கே அது அதிசயம்.

மார்ச் மாதம் ஒரு பின்னேரம். முற்றத்தில் லொறிக்குக் கீழே படுத்து ஒரு நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கால்கள் வந்து நின்றன. அந்த ஒல்லிக் கால்களை எனக்குத் தெரியும். வெளியே வந்தேன். தம்பி ஒரு நீளக் கடித உறையை நீட்டினார். கையில் எண்ணெய் என்று நான் தயங்கியதும் அவரே பிரித்துப் பிடித்துக் காட்டினார். கிடைத்துவிட்டது. அவருக்கும், மனைவிக்கும், நாலு பிள்ளைகளுக்கும்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். அழுதுகொண்டே, ஐந்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"தம்பி, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கு மேல சீட்டுன்னு உனக்குப் பொய்யும் சொன்னேன். கந்தோர்ல வச்சு உனக்குத் தெரிய வந்திச்சே, அத நினைச்சா..."

"கந்தோர்லயா?" என்றார். "எனக்கு அன்னைக்கே தெரியும் நானா. கூடாரத்துக்கு என்ன சுவரா இருந்திச்சு? துணிக்கு அந்தப் பக்கம் லொறிக்குக் கீழ படுத்திருந்தேன். நீங்க சொன்னது ஒண்ணொண்ணும் கேட்டிச்சு."

 அப்படியானால் இந்த ஐந்து மாதம் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் அது எனக்குள்ள மட்டும்தான் இருந்திச்சு. நம்ம ஆளுங்க எல்லாரு முன்னாடியும் அத நீங்க சொல்லக் கேட்டதும், திரும்பவும் அன்னைக்கு மாதிரியே வலிச்சிச்சு. அது ஆறட்டும்னு இருந்தேன்."

"அன்னைக்கே தெரியும்னா, இத்தன வருஷமா ஏன்டா என்கிட்ட, அப்படி ஏன் சொன்னேன்னு ஒரு வார்த்த கேக்கல்ல?"

"கேட்டேனே."

"எப்ப கேட்ட?"

"வருஷா வருஷம், சித்திரையில. கயித்த உடம்புல சுத்திக்கிட்டு உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டேன். நீங்க விளையாட்டுன்னு நினைச்சீங்க."

அவர் கடிதத்தை மடித்துத் துணிக்குள் வைத்துக்கொண்டார். இந்த வருடமும் தான் இந்தியாதான், நோட்டீஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சித்திரையில் நோட்டீஸ் இல்லாமலே வயல் நிறையச் சனம். இலங்கையின் பிரஜை ஒருவர் வந்து இந்தியாவின் கடைசி ஆளாகக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார். நான் குதிகாலுக்குக் குழியை ஆழமாகத் தோண்டிக்கொண்டு எதிரே நின்றேன். விசில் ஊதியதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு நான் கயிறு இழுத்தது அதுதான் முதல் தடவை.